அடையாற்றுப் பாலமும் 1,500 வராகனும்

(குன்றத்தூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சேக்கிழார் பெருமான் பிறந்த ஊரில் பேச வாய்ப்புக் கொடுத்திருக்கிறீர்கள். இந்த மேடையில் இலக்கியமும் சமயமும் நிறையப் பேசப்பட்டிருக்கும். இன்று நான் எடுத்துக்கொண்டது ஒரு பாலத்தின் கதை. அது எப்படிக் கட்டப்பட்டது, யார் பணத்தில் கட்டப்பட்டது, கட்டிய பிறகு அதைப் பேண என்ன ஏற்பாடு செய்தார்கள் என்பதுதான் பொருள். இந்தப் பொருளுக்கும் இந்த மேடைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. நல்ல மனம் படைத்த ஒருவர் ஒரு தொகையை வைத்துவிட்டுப் போகிறார். முதல் கரைவதில்லை. அதன் வருமானத்தில் ஆண்டுதோறும் ஒரு பணி நடக்கிறது. அப்படி ஓர் ஏற்பாட்டைச் சற்றேறக்குறைய 300 ஆண்டுகளுக்கு முன்பு ஒரு வெளிநாட்டு வணிகர் நம்முடைய ஆற்றின் மேல், ஒரு பாலத்துக்காகச் செய்தார். சைதாப்பேட்டையில் இன்று மறைமலை அடிகள் பெயரில் இருக்கும் பாலத்தின் மூதாதை அது. ஆங்கிலேயர் அதை மர்மலாங் பாலம் என்று எழுதினார்கள்.

ஆறு

செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பினால் உபரி நீர் எந்த வழியாகப் போகும் என்பதைக் குன்றத்தூர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மழைக்காலம் வந்தால் சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம், வழுதலம்பேடு, திருநீர்மலை என்று கரையோர ஊர்களின் பெயரை வரிசையாகச் சொல்லி எச்சரிக்கை விடுகிறார்கள். அந்தத் தண்ணீர் திருநீர்மலை அருகே அடையாற்றில் சேர்ந்து, அனகாபுத்தூர், மணப்பாக்கம், நந்தம்பாக்கம் தாண்டி, சைதாப்பேட்டைப் பாலத்தின் அடியில் நுழைந்து கடலுக்குப் போகிறது. நம் ஊரின் வெள்ளம்தான் அந்தப் பாலத்தைச் சோதிக்கிறது.

கோடையில் இந்த ஆற்றைக் கணுக்கால் நனையக் கடந்துவிடலாம். ஐப்பசி, கார்த்திகையில் அதே ஆறு இரு கரையும் தொட்டு ஓடும். 1726-க்கு முன் அடையாற்றின் மேல் பாலமே கிடையாது. ஜார்ஜ் கோட்டையிலிருந்து பரங்கிமலைக்குப் போகிறவர் சைதாப்பேட்டையில் ஆற்றுக்குள் இறங்கித்தான் ஏற வேண்டும். வெள்ளம் வந்தால் வடியும்வரை கரையில் காத்திருக்க வேண்டும். தென்கரையில் சின்னமலை, அதற்கு அப்பால் பரங்கிமலை. இரண்டும் புனித தோமையாரோடு தொடர்புடையவை என்பது கிறித்தவர்களின் நீண்ட கால மரபு. பரங்கிமலை உச்சியில் போர்ச்சுக்கீசியர் 1523-இல் மாதா கோயில் எழுப்பியிருந்தார்கள். அங்கே போய் வந்த யாத்திரிகர்களில் அர்மீனியர்களும் இருந்தார்கள்.

கொடுத்தவர்

அர்மீனியர்கள் நம் நாட்டுக்கு எப்படி வந்தார்கள் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரசீக மன்னர் ஷா அப்பாஸ் அவர்களைப் பழைய ஜுல்பா நகரிலிருந்து பெயர்த்து, இஸ்பஹானுக்கு அருகே புதிய ஜுல்பாவில் குடியமர்த்தினார். சொந்த மண்ணை இழந்த அந்தச் சமூகம் வணிகத்தையே வாழ்வாக்கிக்கொண்டது. ஐரோப்பாவிலிருந்து மணிலா வரைக்கும் அவர்களுடைய கடைகளும் கணக்குப் புத்தகங்களும் பரவின. 1688-இல் கிழக்கிந்தியக் கம்பெனி அவர்களோடு ஓர் ஒப்பந்தமே செய்துகொண்டது. சென்னையின் அர்மீனியன் தெரு அவர்கள் வாழ்ந்ததற்குச் சாட்சியாக இன்றும் இருக்கிறது.

அந்த ஜுல்பாவில் பிறந்தவர் கோஜா பெத்ரூஸ் உஸ்கான். மணிலா வணிகத்தில் பெரும் பொருள் ஈட்டிச் சென்னையில் நிலைத்தவர். பரங்கிமலைக்கு ஏறும் கற்படிகளும் அவர் கொடையில் அமைந்தவையே. 1746-இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தபோது அவர்கள் பக்கம் சேர மறுத்துத் தரங்கம்பாடியில் போய்த் தங்கினார். அதற்கு விலையாகச் சென்னையில் இருந்த அவருடைய சொத்துகள் பறிபோயின. நகரம் ஆங்கிலேயரிடம் திரும்பிய பிறகு வந்து, 1751 ஜனவரி 15-இல் காலமானார். வேப்பேரியில், இன்று புனித மத்தியாஸ் ஆலயம் இருக்கும் இடத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். அவருடைய இதயத்தை மட்டும் ஒரு பேழையில் வைத்து, அவர் பிறந்த ஜுல்பாவுக்கு அனுப்பினார்கள்.

பணம் வந்த வழி

ஒரு பாலத்தின் பணக் கணக்கைப் பார்க்கும்போது, கொடுத்தவர் கையோடு நின்றுவிடக் கூடாது. அந்தக் கைக்குப் பணம் எப்படி வந்தது என்றும் பார்க்க வேண்டும்.

மணிலா அப்போது ஸ்பானியர் வசம் இருந்தது. மெக்சிகோவின் அகபுல்கோ துறைமுகத்திலிருந்து ஆண்டுதோறும் வெள்ளி நாணயங்களோடு அங்கே கப்பல் வரும். ஆங்கிலேயக் கப்பல்களை ஸ்பானியர் அனுமதிப்பதில்லை. அர்மீனியர் போன்ற கீழ்த்திசை வணிகர்களுக்குத் தடை இல்லை. ஆகவே சென்னைச் சரக்கு அர்மீனியர் பெயரில் மணிலாவுக்குப் போயிற்று. அந்தச் சரக்கில் முதன்மையானது சோழமண்டலக் கரையின் துணி. தறியில் நெய்து, சாயம் தோய்த்து, மடித்துக் கட்டிய துணி மணிலாவில் வெள்ளியாக மாறியது. அந்த வெள்ளி சென்னைக்கு வந்து வராகன் என்னும் பொன் நாணயமாயிற்று. அந்த வராகனில்தான் பாலம் எழுந்தது.

குன்றத்தூரிலும் அனகாபுத்தூரிலும் தறி ஓசை கேட்டு வளர்ந்தவர்கள் இந்த அவையில் இருப்பீர்கள். கொடையாளி என்று கல்லில் பெயர் பொறிக்கப்பட்டவர் உஸ்கான். அந்தக் கொடைக்குப் பின்னால், பெயர் பொறிக்கப்படாத ஆயிரக்கணக்கான நெசவாளர்களின் உழைப்பு இருக்கிறது. உஸ்கானின் புகழ் இதனால் குறையாது. ஊருக்குச் செய்யும் பெரிய காரியம் எதுவும் ஒருவருடைய பணத்தில் மட்டும் நடப்பதில்லை என்பதைத்தான் இது காட்டுகிறது.

கட்டியது

பாலம் 1726-இல் முடிந்தது. உஸ்கான் தம் கையிலிருந்து செலவிட்டது 30,000 வராகன். பல வளைவுகள் வரிசையாக நின்ற, நீண்ட, குறுகலான பாலம் அது. 18-ஆம் நூற்றாண்டில் பிரான்சிஸ் ஸ்வெய்ன் வார்டு என்ற ஓவியர், முன்னால் ஒரு சிப்பாயும் ஊர் மக்களும் நிற்க, இந்தப் பாலத்தை வரைந்திருக்கிறார்.

மணல் ஆற்றில் கட்டடம் எழுப்ப நம் பகுதியில் கையாண்ட முறையை இளைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கிணறு இறக்குவது என்று அதைச் சொல்வார்கள். கோடையில் ஆறு வற்றியதும், தூண் வரவேண்டிய இடத்தில் கெட்டியான ஒரு மர வளையத்தைப் படுக்கவைப்பார்கள். அதன் மேல் வட்டமாகச் செங்கல் சுவர் எழுப்புவார்கள். சுவர் ஓர் ஆள் உயரம் வந்ததும் உள்ளே ஆள் இறங்கி மணலை அள்ளிக் கூடையில் மேலே அனுப்புவார். அடியில் மணல் போகப் போக, சுவர் தன் பாரத்தாலேயே கீழே இறங்கும். ஒரு பக்கம் சாய்ந்தால் எதிர்ப்பக்கத்து மணலை அள்ளி நேராக்குவார்கள். மேலே மறுபடியும் சுவர், கீழே மறுபடியும் தோண்டல். ஊற்றெடுக்கும் தண்ணீரில் முங்கி முங்கி மணல் எடுத்த கூலியாட்களின் மூச்சில் அந்த வேலை நடந்தது. கெட்டித் தரை வந்ததும் கிணற்றுக்குள் கல்லும் சுண்ணாம்புக் கலவையும் போட்டு நிரப்பி, அதன் மேல் தூணை எழுப்புவார்கள். கலவைக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பு. அதோடு கடுக்காய் ஊறிய நீரும் வெல்ல நீரும் சேரும். இவ்வளவு வேலையும் அடுத்த வெள்ளத்துக்குள் முடிய வேண்டும். இன்று இயந்திரம் வந்துவிட்டது, இரும்பும் கான்கிரீட்டும் வந்துவிட்டன. ஆனாலும் பெரிய ஆறுகளில் கிணற்று அடித்தளம் இன்னும் வழக்கில் இருக்கிறது.

1,500 வராகன்

இனி என் பொருளின் மையத்துக்கு வருகிறேன். பாலம் கட்ட 30,000 வராகன் கொடுத்த உஸ்கான், அதைப் பழுதுபார்த்துப் பேணுவதற்கென்று 1,500 வராகனைத் தனியாக ஒதுக்கினார். கட்டுமானச் செலவில் இது இருபதில் ஒரு பங்கு. இதை ஒரு சிறு துணைக்குறிப்பாகச் சொல்லிவிட்டுப் போகிறவர்களே அதிகம். எனக்கு இந்த 1,500 வராகன்தான் பெரிதாகத் தெரிகிறது.

ஏன் என்று சொல்கிறேன். பாலம் கட்டுகிறவருக்குப் புகழ் உடனே கிடைக்கும். திறப்பு விழா உண்டு, கல்வெட்டு உண்டு. உஸ்கானின் பாலத்துக்கும் லத்தீன், அர்மீனியம், பாரசீகம் என்று மும்மொழிகளில் கல்வெட்டு வைத்தார்கள். விரிசலில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்குகிறவனுக்கு எந்த ஊரிலும் கல்வெட்டு கிடையாது. புகழ் தராத அந்த வேலைக்கும் பணம் வேண்டும் என்று, கட்டி முடித்த கையோடு நினைத்துப் பார்ப்பதற்குத் தனி மனப்பக்குவம் வேண்டும். நாம் இல்லாத காலத்திலும் இந்தப் பாலத்தில் ஆட்கள் நடப்பார்கள் என்ற நினைப்பு உள்ளவருக்கே அது தோன்றும்.

தொகையைக் கொஞ்சம் கணக்கிட்டுப் பார்ப்போம். ஆண்டுக்கு 8 விழுக்காடு வட்டி என்று வைத்துக்கொண்டால் 1,500 வராகனுக்கு 120 வராகன் கிடைக்கும். ஒரு பாலத்தின் ஆண்டுப் பழுதுபார்ப்புக்கு அந்தக் காலத்தில் அது மதிப்பான தொகை. 1818-இல் சென்னை மாகாணத்தில் வராகன் கணக்கு முடிந்து ரூபாய்க் கணக்கு வந்தது. 100 வராகனுக்கு 350 ரூபாய் என்று மாற்றினார்கள். அந்தக் கணக்கில் 1,500 வராகன் 5,250 ரூபாய். அதே 8 விழுக்காட்டில் ஆண்டு வட்டி 420 ரூபாய். இப்போது காலத்தை ஓட்டிப் பாருங்கள். பழைய பாலத்தை இடித்துப் புதுப் பாலம் கட்டிய 1960-களில் அந்த 420 ரூபாய் ஒரு கொத்தனாரின் சில மாதக் கூலிக்குத்தான் காணும். முதல் அப்படியே இருந்தாலும், விலைவாசி ஏற ஏற அதன் பலம் வற்றிவிடும். உஸ்கானின் ஏற்பாட்டில் இருந்த குறை இது ஒன்றுதான். எண்ணம் முழுமையானது. வைத்த பொருள் வளராத பொருள்.

லண்டனும் உத்திரமேரூரும்

வளரும் பொருளை வைத்தவர்கள் என்ன ஆனார்கள் என்பதற்கு லண்டன் பாலம் சாட்சி. தேம்ஸ் ஆற்றின் மேல் 1176-இல் தொடங்கி 1209-இல் முடிந்த கல்பாலம் அது. அதன் பராமரிப்புக்காக மக்கள் பணமாக மட்டும் கொடுக்கவில்லை. வீடும் நிலமும் எழுதிவைத்தார்கள். பாலத்தின் மேலேயே இருந்த வீடுகளின் வாடகையும் சேர்ந்தது. அந்தச் சொத்தைப் பார்த்துக்கொள்ளத் தனி நிர்வாகம், தனிக் கணக்கு. நகரம் வளர்ந்தது, நிலத்தின் மதிப்பும் வாடகையும் கூடவே வளர்ந்தன. 1894-இல் திறந்த டவர் பாலத்தைக் கட்டியது அந்த நிதியிலிருந்துதான். இன்று தேம்ஸ் மேல் இருக்கும் ஐந்து பாலங்களை அந்த அறக்கட்டளையே பேணுகிறது. வரிப்பணம் கேட்பதில்லை. மிச்சத்தில் 1995 முதல் லண்டன் மக்களின் நலப்பணிகளுக்கும் உதவுகிறது. 800 ஆண்டுகள் தாண்டியும் அந்த நிதி உயிரோடு இருக்கிறது.

இதைக் கேட்டு, ஆங்கிலேயனுக்குத்தான் இந்த யோசனை வரும் என்று யாரும் எண்ண வேண்டாம். நம் கோயில் கல்வெட்டுகளைப் படித்தவர்களுக்குத் தெரியும். சோழர் காலத்தில் ஒரு நந்தா விளக்கு எரிக்க 96 ஆடுகளை விடுவார்கள். அந்த ஆடுகளைச் சாவா மூவாப் பேராடு என்று கல்வெட்டுகள் சொல்கின்றன. கிழட்டு ஆடு போனால் குட்டி அந்த இடத்துக்கு வரும். மந்தையின் எண்ணிக்கை குறையாது. இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். நெய்யின் விலை ஏறினாலும் இறங்கினாலும் விளக்குக்குக் கவலை இல்லை. கொடுக்கும் பொருள் தானே பெருகும்படி பார்த்துக் கொடுத்தார்கள்.

ஏரிகளுக்கும் அப்படித்தான். ஏரியைத் தூர்வார, கரையை உயர்த்த, ஏரிப்பட்டி என்று நிலம் ஒதுக்கினார்கள். விளைச்சலே பராமரிப்புச் செலவு. அந்த வேலையைக் கவனிக்க ஏரி வாரியம் இருந்தது. நம் காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே இருக்கிற உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுகளைப் பாருங்கள். குடவோலை முறையில் ஆறு பேரை ஏரி வாரியத்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள். பதவிக் காலம் 360 நாள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடியும் அந்தப் பதவிக்கு வர முடியாது. அவருடைய நெருங்கிய உறவினருக்கும் அதே தடை.

மூன்று விஷயங்கள் இங்கே சேர்ந்திருக்கின்றன: வளரும் நிதி, பொறுப்பான ஆட்கள், ஊரறியக் கணக்கு. இந்த மூன்றும் சேர்ந்தால் ஒரு கட்டுமானம் நிலைக்கும். ஒன்று குறைந்தாலும் நாளடைவில் சரியும்.

பிற வழிகள்

உஸ்கானுக்குப் பிறகு நம் நாட்டில் பாலங்களுக்குப் பணம் வந்த வழிகள் பல. அவற்றையும் இந்தக் கண்ணோடு பார்க்கலாம்.

முதல் வழி, தனியார் கொடை. திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே தாமிரபரணியின் மேல் நிற்கும் 11 வளைவுப் பாலத்தை அறிவீர்கள். 1843-இல் அது எழக் காரணமானவர் கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார். தம் சொந்தப் பொருளைக் கொடுத்தார். பாலம் இன்றும் அவர் பெயரைச் சொல்கிறது, இன்றும் வண்டி ஓடுகிறது.

இரண்டாம் வழி, சுங்கம். கடப்பவர் காசு கொடுக்க வேண்டும். திருச்சியில் கொள்ளிடத்தின் வடகரையில் நம்பர் 1 டோல்கேட் என்று ஒரு பகுதி இன்றும் இருக்கிறது. சுங்கச்சாவடி போன பிறகும் பெயர் போகவில்லை. பயன்படுத்துகிறவர் செலவைத் தாங்குவது நியாயம்தான். ஆனால் கூடையைத் தலையில் சுமந்து சந்தைக்குப் போகிறவளையும் அது நிறுத்திக் காசு கேட்டது. வசூலான காசு பாலத்துக்கே திரும்புகிறதா என்று கேட்கும் உரிமை அவளுக்கு இருந்ததில்லை.

மூன்றாம் வழி, உள்ளூர் வரி. 1871-ஆம் ஆண்டின் சென்னை உள்ளூர் நிதிச் சட்டம், நிலத்தின் மீது ரூபாய்க்கு ஓரணா வரை சாலைக்கும் பொதுப்பணிக்கும் வரி போட வழிசெய்தது. வட்டார மக்களின் பணம் வட்டாரத்துச் சாலைக்கே போக வேண்டும் என்ற கருத்து இதில் இருந்தது.

நான்காம் வழி, கம்பெனி முதலீடு. இந்திய ரயில் பாதைகளின் தொடக்க காலத்தில் லண்டனில் பங்கு வாங்கியவர்களுக்கு 5 விழுக்காடு வருமானத்துக்கு அரசே உத்தரவாதம் கொடுத்தது. லாபம் குறைந்தால் இங்குள்ளவர்களின் வரிப்பணத்திலிருந்து ஈடுகட்டினார்கள். ஆனாலும் ரயில்வேயிடமிருந்து கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. அதற்குப் பாம்பன் பாலம் சான்று. தென்னிந்திய ரயில்வே கட்டிய அந்தப் பாலம் 1914 பிப்ரவரி 24-இல் திறந்தது. சுற்றிலும் உப்புக் காற்று. இரும்பை விடாமல் தின்னும் இடம். 1964 டிசம்பர் புயல் கர்டர்களை அடித்துக்கொண்டு போனபோது, ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளரின் தலைமையில் 46 நாளில் சீர்செய்தார்கள். கடலில் கிடந்த கர்டர்களின் இடத்தை மீனவர்கள் காட்டிக்கொடுத்தார்கள். 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தும்வரை, 108 ஆண்டுகள் அந்தப் பாலம் உழைத்தது. வண்ணம் பூசுவதும் துரு நீக்குவதும் அங்கே நிரந்தர வேலை. ஆளும் நிரந்தரம், நிதியும் நிரந்தரம். அந்த இரும்பின் ஆயுளுக்கு அதுதான் காரணம். 2025 ஏப்ரல் 6-இல் அதன் அருகே, 72.5 மீட்டர் தூக்குப் பகுதியோடு, 550 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் புதுப் பாலம் திறந்திருக்கிறது. அதன் ஆயுளையும் அந்த நிரந்தர வேலைதான் முடிவுசெய்யும்.

ஐந்தாம் வழி நம் ஊர்ப் பக்கமே ஓடுகிறது. வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலை. வண்டலூர்–நெமிலிச்சேரிப் பகுதியைத் தனியார் நிறுவனம் கட்டிப் பராமரிக்க, அரசு தவணை தவணையாகப் பணம் கொடுக்கும் முறையில் அமைத்தார்கள். கட்டுவதையும் பேணுவதையும் ஒரே ஒப்பந்தத்தில் கட்டிப்போட்டது நல்ல ஏற்பாடு. ஒப்பந்தக் காலம் முடிந்த மறுநாள் பொறுப்பு யாருக்கு என்பதில்தான் கண் வைக்க வேண்டும்.

பேணாவிட்டால்

பராமரிப்பு என்றால் என்ன என்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். பாலத்தின் மேல் விழும் மழை வடிய ஓரத்தில் துளைகள் இருக்கும். குப்பையும் மண்ணும் அவற்றை அடைத்தால் தண்ணீர் மேல்தளத்தில் தேங்கும். தேங்கிய நீர் கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் தொடும். கம்பி துருப்பிடித்து உப்பும். உப்பிய கம்பி கான்கிரீட்டைச் செதில் செதிலாகப் பெயர்த்துத் தள்ளும். ஒரு கடப்பாரையும் துடைப்பமும் கொண்டு ஒருவர் அரை நாளில் முடித்திருக்க வேண்டிய வேலை, சில ஆண்டுகளில் கோடிக் கணக்காகிவிடுகிறது. தூண் தலையில் உள்ள பேரிங், கோடையில் விரிந்து குளிரில் சுருங்கும் தளத்துக்கு இடம்கொடுக்கும் எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட், கைப்பிடிச் சுவரின் இடுக்கில் பறவை போட்ட விதை, எல்லாமே இப்படித்தான்.

தண்ணீருக்குள் நடப்பது இன்னும் ஆபத்து. வெள்ளம் தூணில் மோதியதும் கீழ்நோக்கிச் சுழன்று இறங்கி, தூணின் காலடி மணலைப் பறிக்கிறது. மேலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு இது தெரியாது. ஆற்றில் மணல் அள்ளி, படுகை ஏற்கெனவே தாழ்ந்திருந்தால் பள்ளம் இன்னும் ஆழமாகும். கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலம் 1928-இல் எழுந்தது. 2016-இல் புதுப் பாலம் வந்ததும் பழையதில் வாகனங்களை நிறுத்திவிட்டார்கள். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் அதன் தூண்கள் சரிந்து ஆற்றில் விழுந்தன. வாகனம் ஓடாததால் உயிர்கள் தப்பின. குஜராத்தின் மோர்பியில் அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. பராமரிப்பு முடிந்தது என்று சொல்லித் திறந்த சில நாளில், 2022 அக்டோபர் 30 அன்று, தொங்குபாலம் அறுந்து 135 பேர் மாண்டார்கள்.

நம் ஆறும் நம்மை எச்சரித்திருக்கிறது. 2015 டிசம்பர் முதல் நாள் செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்தார்கள். அடையாறு கரை புரண்டது. விமான நிலையம் மூழ்கியது. சைதாப்பேட்டையில் மறைமலை அடிகள் பாலத்தின் மேல் போக்குவரத்தை நிறுத்த வேண்டி வந்தது. அன்று அந்தப் பாலம் நின்றது. அந்த வெள்ளம் எத்தனை தூண்களின் காலடியில் எவ்வளவு மணலைப் பறித்தது என்று அளந்து பார்ப்பதும், அதை மக்களுக்குச் சொல்வதும் பாலம் கட்டுவதற்குச் சமமான கடமை.

என் வேண்டுகோள்

உஸ்கானின் இருபதில் ஒரு பங்கை நாம் எடுத்துக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. 100 கோடி ரூபாயில் ஒரு பாலம் கட்டினால், திறப்பு விழாவுக்கு முன்பே 5 கோடியை அந்தப் பாலத்தின் பெயரில் வைக்க வேண்டும். 7 விழுக்காடு வருமானம் வந்தால் ஆண்டுக்கு 35 லட்சம். அதில் 20 லட்சத்தைச் செலவிட்டு, 15 லட்சத்தை முதலோடு சேர்த்தால் நிதி ஆண்டுதோறும் வளரும். விலைவாசியோடு ஓரளவு போட்டி போடும். உஸ்கானுக்கு விட்டுப்போனதை நம் முன்னோரின் ஆட்டுமந்தைக் கணக்கைக் கொண்டு நிரப்பிவிடலாம். பெரும் பழுது வந்தால் இது போதாது, அதற்கு அரசு வர வேண்டும். ஆனால் துளையைச் சுத்தம் செய்ய, கன்றைப் பிடுங்க, பேரிங்குக்கு மசகு போட, வெள்ளம் வடிந்ததும் தூணின் காலடியை அளக்க, வரவுசெலவுத் திட்டத்தில் பணம் வருமா என்று காத்திருக்க வேண்டாம்.

நிதி மட்டும் போதாது. ஒவ்வொரு பாலத்தின் முனையிலும் ஒரு பலகை வேண்டும். கட்டிய ஆண்டு, கட்ட ஆன செலவு, கடைசியாகச் சோதித்த நாள், சோதித்த பொறியாளரின் பதவி, அடுத்த சோதனை நாள், இவ்வளவும் தமிழில் எழுதியிருக்க வேண்டும். பல்லாயிரம் பேர் நடந்து கடக்கிற பாலத்தின் உடல்நிலை ஓர் அலுவலகக் கோப்புக்குள் பூட்டிக்கிடப்பது சரியல்ல. கணக்குக் காட்டாதவருக்குப் பதவி இல்லை என்று 1,100 ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் வெட்டிய மாவட்டம் இது. பலகை கேட்க நமக்குத் தகுதி உண்டு.

இதை எங்கிருந்து தொடங்குவது? நம் ஊரிலிருந்தே தொடங்கலாம். செம்பரம்பாக்கம் உபரிநீர்க் கால்வாயின் மேல் சிறுகளத்தூரிலிருந்து திருநீர்மலை வரை எத்தனை பாலங்கள், எத்தனை சிறுபாலங்கள், தரைப்பாலங்கள் இருக்கின்றன என்று பள்ளி, கல்லூரி மாணவர்கள் ஒரு பட்டியல் எடுங்கள். எது எப்போது கட்டியது, எதன் வடிதுளை அடைத்திருக்கிறது, எதன் சுவரில் மரம் முளைத்திருக்கிறது என்று குறித்து, படத்தோடு நகராட்சிக்கும் நெடுஞ்சாலைத் துறைக்கும் நீர்வளத் துறைக்கும் கொடுங்கள். கோடையில் கொடுத்தால் ஐப்பசிக்குள் வேலை நடக்கும். அடுத்த ஆண்டு அதே பட்டியலை எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். பராமரிப்பில் இரண்டாவது ஆண்டுதான் முக்கியம். முதல் ஆண்டு ஆர்வத்தில் நடந்துவிடும். இரண்டாம் ஆண்டும் நடந்தால் அது வழக்கமாகும்.

இந்த அறக்கட்டளையின் பொறுப்பாளர்களுக்கும் ஒரு விண்ணப்பம். சொற்பொழிவு ஆண்டுக்கு ஒரு நாள். அந்தப் பட்டியலை எடுக்கும் மாணவர்களுக்கு, நிதியின் வருமானத்திலிருந்து ஒரு சிறு பகுதியைப் பரிசாகக் கொடுக்க முடியுமா என்று எண்ணிப்பாருங்கள். முடியுமானால், பாலத்தைப் பேணும் வேலைக்கு நம் ஊரில் ஒதுக்கிய முதல் தொகை அதுவாக இருக்கட்டும்.